சிட்லபாக்கத்து மழைக்கு வாசல் முட்டுக்காட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் ஊராட்சி ஒன்றியங்களும் தூர்வாரிய கணக்கை வெளியிடத் தொடங்கிவிடும். இத்தனை கிலோமீட்டர் வடிகால், இத்தனை வண்டல் தொட்டி, இத்தனை மோட்டார் தயார் என்று பட்டியல் வரும். கணக்கு பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு கணக்கும் அந்தந்த எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. மழைநீர் அங்கே நிற்பதில்லை. உள்ளாட்சிகள் கைகோத்து வேலை செய்யாமல் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க முடியாது என்பதற்குத் தென்சென்னையின் ஒரே ஓர் ஏரிச் சங்கிலி போதும்.

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். சதுப்புநிலத்திலிருந்து ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய். கால்வாயில் தெற்கே போய் முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடல். இந்தப் பாதையில் தாம்பரம் மாநகராட்சி, பரங்கிமலை ஒன்றியத்து ஊராட்சிகள், மீண்டும் தாம்பரம், மீண்டும் ஊராட்சி, பெருநகர சென்னை மாநகராட்சி, பிறகு திருப்போரூர் ஒன்றியத்து ஊராட்சிகள் என்று நிர்வாகம் மாறிக்கொண்டே இருக்கிறது. இடையில் ஏரிகளும் கால்வாயும் நீர்வளத் துறையிடம், சதுப்புநிலம் வனத்துறையிடம், சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலங்கள் நெடுஞ்சாலைத் துறையிடம். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ள ஏரி என்றால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒரே நீர், ஏழெட்டுக் கையெழுத்து.

சதுப்புநிலத்துக்கு நீர் வந்து சேரும் பரப்பு, அதாவது அதன் வடிநிலம், சுமார் 250 சதுர கிலோமீட்டர். அதன்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 2.5 கோடி கன மீட்டர், ஏறத்தாழ 0.9 டி.எம்.சி. அதில் 70 சதவீதம் வழிந்தோடுகிறது என்று வைத்தால் 1.75 கோடி கன மீட்டர். 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சதுப்புநிலப் பகுதி 1,247 ஹெக்டேர். இந்த நீர் முழுவதும் அங்கே ஒரே நேரத்தில் வந்து நின்றால் ஆழம் 1.4 மீட்டர். வழியிலுள்ள ஏரிகள் ஒரு பங்கைப் பிடித்துவைப்பதால்தான் அப்படி ஆவதில்லை. 2015 டிசம்பர் 1-2ல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாள்கணக்கில் நீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த உள்ளாட்சிகள் சேர்ந்து முதலில் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. மட்டம் எடுப்பது, அதாவது தரையும் வடிகாலும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று அளப்பது. வடிகால் கட்ட எஸ்டிமேட் போடும்போது, பக்கத்தில் இருக்கும் ஒரு கோயில் படியையோ சிறுபாலத்தின் கைப்பிடிச்சுவரையோ தற்காலிக பெஞ்ச் மார்க்காக, அதாவது மற்ற உயரங்களை அளக்க ஆதாரப் புள்ளியாக, வைத்து, அதற்கு 100.000 மீட்டர் என்று ஒரு மட்டத்தைத் தாங்களே கொடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். அந்த ஒரு வேலைக்குள் அது சரியாக வரும். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு 100, அந்தப் பக்கம் வேறொரு 100. இரண்டும் சந்திக்கும் இடத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். மேலிருந்து வரும் பெட்டி வடிகால் 1.2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். கீழே உள்ளது 0.9 மீட்டர் அகலம்தான். அதன் தரைமட்டமோ, அதாவது இன்வர்ட் லெவல், மேலிருந்து வருவதைவிட 30 சென்டிமீட்டர் உயரத்தில். மழையில்லாத நாளிலும் அந்த 30 சென்டிமீட்டருக்கு நீர் நிற்கும். நின்ற நீரில் வண்டல் படியும். படிந்த இடத்தில் பெட்டியின் கொள்ளளவில் கால் பங்கு போய்விட்டது. அந்தப் பகுதியில் வடிகாலுக்குக் கிடைப்பதே 1,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. ஆகவே 30 சென்டிமீட்டர் பிழை 300 மீட்டர் தூரத்துச் சரிவைத் தின்றுவிடுகிறது. இரண்டு பக்கத்து ஒப்பந்ததாரரும் வரைபடத்தில் உள்ளபடிதான் கட்டினார்கள். அளவீட்டுப் புத்தகமும் சரி, பில்லும் சரி. தெருவில்தான் முழங்கால் அளவு நீர்.

இதற்குத் தீர்வு இந்திய சர்வே துறையின் பெஞ்ச் மார்க்கிலிருந்து சராசரி கடல்மட்டத்தைக் கொண்டுவந்து, ஏரிச் சங்கிலி நெடுக அரை கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கான்கிரீட் கல் நட்டு, அந்த மட்டத்தில் மட்டுமே இனி எஸ்டிமேட் போட வேண்டும் என்று எல்லா மன்றங்களும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுவது. பிறகு வடிகாலோ கால்வாயோ எல்லையைத் தாண்டும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அகலம், உயரம், இரு பக்கத்து இன்வர்ட் லெவல், யார் பொறுப்பு என்று ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு சர்வே குழு ஒரு கோடைக்காலத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. கடல்மட்டத்தோடு இணைக்காத எந்த மட்டமும் கடல்மட்டம் உயரும் காலத்தில் பயன்படாது. முட்டுக்காட்டில் ஓதம் ஏறும்போது கால்வாயில் நீர் எவ்வளவு தூரம் எதிரே வரும் என்பதைக் கோயில் படியிலிருந்து கணக்கிட முடியாது.

அடுத்தது மனைப்பிரிவு அனுமதி. மேட்டில் உள்ள ஊராட்சியில் 100 ஹெக்டேர் திறந்த நிலம். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை. வழிந்தோடும் பங்கு 0.4 என்றால் வினாடிக்கு 5.6 கன மீட்டர் நீர் வெளியேறும். அங்கே வீடும் கான்கிரீட் சாலையும் வந்து அந்தப் பங்கு 0.8 ஆனால் 11.1 கன மீட்டர். கீழே இருக்கும் மாநகராட்சி 5.6-க்கு வடிகால் கட்டியிருக்கிறது. அனுமதி கொடுத்தபோது அதனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று விதியும் இல்லை. மழை வலுத்து வரும் காலத்தில் இந்த 11.1 இன்னும் ஏறும்.

இதற்கு ஓ.எஸ்.ஆர். நிலத்தைப் பயன்படுத்தலாம். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படுகிறது. சாலை நீங்கலாக ஒரு ஹெக்டேர் என்றால் 1,000 சதுர மீட்டர். அதை மனைப்பிரிவின் தாழ்வான மூலையில் ஒதுக்கி, ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சரிவான கரையோடு பூங்காவாக அமைத்தால் சுமார் 800 கன மீட்டர் நீர் நிற்கும். அந்த ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் மழை என்பது 1,000 கன மீட்டர். ஆக, பெய்ததில் பெரும்பகுதி அங்கேயே தங்கி, அடியில் ஒரு சிறு குழாய் வழியாக மெல்ல வடியும். வழக்கமாக என்ன நடக்கிறது? வீட்டுமனைக்கு உதவாத கோணல் மூலை ஓ.எஸ்.ஆர். ஆகிறது; தாழ்வாக இருந்தால் மண்ணடித்து உயர்த்தி, டைல்ஸ் பதித்து, சுற்றுச்சுவர் எழுப்பிவிடுகிறார்கள். வடிநிலத்தில் உள்ள எல்லா உள்ளாட்சிகளும் இதற்கு ஒரே நிபந்தனையை வைக்க வேண்டும். ஓர் ஊராட்சி மட்டும் வைத்தால் மனை போடுபவர் பக்கத்து ஊராட்சிக்குப் போய்விடுவார்.

தூர்வாருவதிலும் முறை தலைகீழாக இருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியும் தனித்தனியே டெண்டர் விடுவதால், நிதி முதலில் வந்த இடத்தில் வேலை முதலில் முடிகிறது. மேலே வாரிக் கரையிலேயே குவித்த வண்டல் முதல் மழையில் கீழே இறங்கி, இன்னும் வாராத கால்வாயில் சேர்கிறது. கீழிருந்து மேலாகத்தான் போக வேண்டும். பக்கிங்காம் கால்வாயில் ஆகாயத்தாமரை, பிறகு ஒக்கியம் மடு, பிறகு நாராயணபுரத்துக்கு வரும் கால்வாய், அதன்பின் கீழ்க்கட்டளை என்று. வாரிய மண்ணை அதே வாரத்தில் அப்புறப்படுத்தினால்தான் பில் என்ற நிபந்தனையும் வேண்டும். இதில் முகத்துவாரம் மட்டும் விலக்கு. ஜூலையில் மணலை வெட்டித் திறந்தால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் கரையோரமாக மணலை வடக்கே தள்ளிவந்து அக்டோபருக்குள் மூடிவிடும். செப்டம்பர் கடைசியில் திறந்து, டிசம்பர் வரை இயந்திரத்தை அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும்.

ஏரிகளில் கழிவுநீர் கலப்பது சுகாதாரப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. அது வெள்ளப் பிரச்சினையும்கூட. பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களின் கழிவுநீர் வடிகால் வழியாக ஏரிக்கு வருவதால் செப்டம்பரிலேயே ஏரி முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. முதல் பெருமழைக்கு அதில் இடமே இல்லை. அந்தச் சாக்கடைத் திட்டம் மேலே உள்ள உள்ளாட்சியின் கையில்; அதன் தாமதத்தால் மூழ்குவதோ கீழே உள்ளவர் வீடு.

வெள்ளம் வந்தபின் நடப்பது இன்னும் வேதனை. ஒரு பகுதியில் நீர் தேங்கினால் அங்குள்ள உள்ளாட்சி டீசல் மோட்டார்களை வைத்து எல்லைக்கு அப்பால் இறைக்கிறது. அங்கே கால்வாய் ஏற்கெனவே விளிம்பில் ஓடுகிறது. இரவில் யாரோ கரையை வெட்டிவிடுகிறார்கள். பிறகு இரு ஊர் மக்களும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இதைத் தடுக்க, ஒவ்வோர் ஏரியிலும் உபரிநீர் வழியும் கலங்கலிலும் கீழே உள்ள கால்வாயிலும் அளவுகோல் பலகை நட வேண்டும். கீழ்ப்பலகையில் நீர் இந்த அளவுக்கு இறங்கினால்தான் மேலே மோட்டார் ஓடலாம், இந்த அளவுக்கு வந்தால் இன்னாருடைய கையெழுத்தில் ஷட்டர் திறக்கப்படும் என்று மழைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே மாநகராட்சியாக இணைத்துவிட்டால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. 2011-ல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. எல்லைக்கோடு இடம் மாறியது, மறையவில்லை. மாநில அரசின் பருவநிலை மாற்ற இயக்கம் மாவட்டவாரியாக அமைந்துள்ளது. சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே போகும் கோடு இந்த வடிநிலத்தைக் குறுக்கே வெட்டுகிறது. 2023-ல் வெளியான சென்னைப் பருவநிலைச் செயல்திட்டம் மாநகராட்சி எல்லைக்கு எழுதப்பட்டது. அது நல்ல முயற்சி. ஆனால் அந்த எல்லைக்குள் வந்து சேரும் நீரின் பெரும்பகுதி வெளியே பெய்கிறது.

அமெரிக்காவின் தென்கிழக்குப் புளோரிடாவில் பாம் பீச், ப்ரோவர்டு, மயாமி-டேட், மன்றோ ஆகிய நான்கு கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) 2010-ல் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. தனி அதிகாரம் கொண்ட அமைப்பு எதையும் அவை உருவாக்கவில்லை. ஒவ்வொரு மன்றமும் தனித்தனியே ஏற்றுக்கொண்ட ஒரே உடன்படிக்கை, அதை நடத்த நான்கு கவுண்டிகளின் அலுவலர்கள் கொண்ட ஒரு குழு, அவ்வளவே. அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்பதற்கு நால்வருக்கும் பொதுவான எண்ணை வகுத்தது. 2010-ஐ அடிப்படையாக வைத்து 2060-க்குள் 9 முதல் 24 அங்குலம் என்று 2011-ல் சொன்னார்கள். 2015-லும் 2019-லும் திருத்தினார்கள். 110 பரிந்துரைகள் கொண்ட செயல்திட்டம் அதற்குப் பிறகுதான், 2012-ல் வந்தது. முதலில் எண், பிறகு திட்டம். இந்த வரிசையை நாமும் பின்பற்றலாம்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். 2021-26 காலத்துக்கு 15-வது நிதிக்குழு கிராம ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் போன்றவற்றுக்கென்று கட்டப்பட்டது. மிச்சத்தில் ஊராட்சித் தலைவர் பக்கத்து ஊர்க் கால்வாய்க்கு எப்படிச் செலவிடுவார்? செலவிட்டால் எல்லைக்கு வெளியே பணம் போனதாகத் தணிக்கையில் ஆட்சேபம் வரும். டெபாசிட் ஒர்க் என்ற வழி ஏற்கெனவே இருக்கிறது: பணத்தை ஒருவர் கட்ட, வேலையை இன்னொருவர் செய்வது. வடிநிலம் முழுவதற்கும் பொதுவான டெபாசிட் கணக்கு ஒன்றைத் தொடங்கவும், எல்லைக்கு வெளியே செலவிட்டாலும் அது ஏற்கத்தக்க செலவுதான் என்று தெளிவுபடுத்தவும் ஓர் அரசாணை வேண்டும்.

பங்கை மக்கள்தொகைப்படியோ வெறும் பரப்பளவுப்படியோ பிரிக்கக் கூடாது. பரப்பளவை வழிந்தோடும் பங்கால் பெருக்கிப் பிரிக்க வேண்டும். 20 சதுர கிலோமீட்டர் கட்டடப் பகுதி 0.8 என்றால் 16. 10 சதுர கிலோமீட்டர் திறந்தவெளி 0.4 என்றால் 4. செலவு 80-க்கு 20. பரப்பளவு மட்டும் என்றால் 67-க்கு 33 ஆகியிருக்கும். மண்ணைத் திறந்து வைத்திருக்கும் ஊராட்சிக்குச் செலவு குறையும். கான்கிரீட் போடும்போதெல்லாம் பங்கு ஏறும்.

யார் அழைப்பது என்பதில்தான் எல்லாம் தடைப்படுகிறது. அரசியலமைப்பின் 243 இசட்.இ. பிரிவு சொல்லும் பெருநகரத் திட்டக்குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இருக்க வேண்டும். அதன் கீழ் பள்ளிக்கரணை வடிநிலத்துக்கு ஒரு துணைக்குழு அமைக்கலாம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அதன் செயலகமாக இருக்கட்டும். தாம்பரம், சென்னை மேயர்கள், ஒன்றியக் குழுத் தலைவர்கள், ஊராட்சித் தலைவர்கள் ஒரே மேசையில் உட்காரட்டும். நீர்வளத் துறை, வனத்துறை, நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்களும் அலுவலர்களும் எதிரே இருக்கட்டும். முட்டுக்காடு ஊராட்சித் தலைவருக்கும் அங்கே ஒரு நாற்காலி வேண்டும்; இதுவரை சிட்லபாக்கத்துக்காக அவரிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதல் கூட்டத்தை ஜனவரியில், பருவமழை முடிந்த கையோடு வைக்க வேண்டும். முகத்துவாரத்தைத் திறக்கும் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி மற்ற டெண்டர்களின் தேதிகளை அங்கேயே எழுதி எல்லோரும் கையெழுத்திடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்ளாட்சிப் பொறியாளர்,
மேடவாக்கம்.