மண்ணெண்ணெய் டின் எங்கே? – மெல்பர்ன் பழைய வீடுகளின் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பர்னிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேற்றக் கால வீடுகளைப் பேணி, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைத்திருக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். இம்மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வந்து சேரும். விடுமுறை நாள்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீடுகளைப் பார்க்க வருபவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. நான் கேட்பதை அவர்களும் கேட்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். எந்த வீடு என்று சொல்லப் போவதில்லை. குறை அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை. கூடத்தில் பியானோ, பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், சன்னலோரம் தையல் இயந்திரம், சமையலறைச் சுவரில் வரிசையாகச் செம்புப் பாத்திரங்கள். “அந்தக் காலத்தில் இப்படித்தான் வாழ்ந்தார்கள்” என்றார் வழிகாட்டிய அம்மையார். “ஒரு பாத்திரத்தில்கூட அடிப்பிடித்த கறை இல்லையே, யாராவது சமைத்தார்களா?” என்று கேட்டாள் என் மகள். அவளுக்கு ஒன்பது வயது. அம்மையார் சிரித்துவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார்.

அன்றிரவு, ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் மெல்பர்னின் ‘ஆர்கஸ்’ நாளிதழின் பழைய இதழ்களைப் புரட்டினேன். அக்கால வழக்கப்படி முதல் பக்கம் முழுக்க விளம்பரங்கள். கப்பலில் வந்திறங்கிய சரக்கு, ஏலத்துக்கு வரும் மேசை நாற்காலி, மருந்து, விளக்கு, சேணம். படிக்கப் படிக்கத்தான் உறைத்தது: பகலில் நான் பார்த்து வந்தது வாழ்ந்தவர்களின் வீடு அல்ல, விற்றவர்களின் வீடு. விளம்பரக்காரர் ஆசை காட்டிய அறையை அப்படியே அடுக்கிவைத்து, இதுதான் வாழ்க்கை என்கிறீர்கள்.

புலம்பெயர்பவரிடம் விற்பது எளிது. போகும் இடத்தில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று அவருக்குத் தெரியாது. நான் இங்கு வந்தபோது ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். இட்லித் தட்டு, பிரஷர் குக்கர், மூன்று கிலோ புளி, மிக்சி. மிக்சியின் ப்ளக் இங்குள்ள துளைகளில் நுழையவே இல்லை. 19ஆம் நூற்றாண்டிலும் பட்டியல்தான். அரசு செலவில் கப்பலேறுபவர்கள் குறைந்தபட்சம் எதைக் கொண்டுவர வேண்டும் என்று லண்டனில் குடியேற்ற ஆணையர்கள் விதித்திருந்தார்கள்: ஆணுக்கு 6 சட்டை, 6 இணை காலுறை, 2 இணை காலணி, பெண்ணுக்கு 6 உள்ளாடை, 2 கம்பளிப் பாவாடை, 2 கவுன். விதி அவ்வளவுதான். அதன்மேல் ஆசையையும் அச்சத்தையும் ஏற்றி விற்றவர்கள் பயணச் சாமான் வணிகர்கள். அப்படி வளர்ந்த சில்வர் நிறுவனத்தின் பெயரில் லண்டனின் கிழக்கே சில்வர்டவுன் என்று ஒரு பகுதியே இன்றும் இருக்கிறது.

வீட்டையே மூட்டை கட்டி விற்றார்கள். லண்டன் தச்சர் மேனிங், 1830 வாக்கில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றுக் குடியேற்றத்துக்குப் போகவிருந்த தன் மகனுக்காகப் பிரித்துப் பூட்டக்கூடிய மரவீடு ஒன்றைச் செய்தார். பிறகு அதுவே விற்பனைப் பொருளானது. 1839இல் இங்கு நிர்வாகியாக வந்த லா ட்ரோப் கையோடு கொண்டுவந்ததும் பிரித்துப் பூட்டும் வீடுதான். 1851இல் தங்கம் கிடைத்தது. மெல்பர்ன் அடங்கிய விக்டோரியாவின் 77 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 5 இலட்சத்து 40 ஆயிரத்தை நெருங்கியது. மெல்பர்னில் யாரா ஆற்றின் தென்கரையில் கூடாரம் போட வாரம் 5 ஷில்லிங் கட்ட வேண்டியிருந்தது. மான்செஸ்டர், பிரிஸ்டல், கிளாஸ்கோ இரும்பு ஆலைகள் சும்மா இருக்குமா? லண்டன் துறைமுகப் பொறியாளர் பாமர் 1829இல் காப்புரிமை பெற்ற நெளித்தகரத்தில் வீடு, கடை, தேவாலயம் என எதை வேண்டுமானாலும் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள்.

தகரக் கூரையின் கீழ் மே மாதத்தைக் கழித்த தமிழருக்கு அந்த வீட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மெல்பர்னில் சனவரி வெயில் 40 பாகையைத் தாண்டும். இங்கிலாந்து ஆலை முதலாளிக்கு அது எங்கே தெரியும்? தென் மெல்பர்ன், கவென்ட்ரி தெருவில் அத்தகைய இரும்பு வீடுகள் மூன்று நிற்கின்றன. உங்கள் பொறுப்பில் உள்ளவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானவை அவை. வெறும் சுவர்களே பேசிவிடுகின்றன. கோடையில் அரைமணி நேரம் உள்ளே நிற்கவைத்து, அதன்பின் விளம்பரத்தைப் படிக்கக் கொடுங்கள்.

மருந்து விளம்பரங்கள் தனிக்கதை. ஹாலோவே மாத்திரைக்குத் தீராத நோயே உலகில் இல்லை. மருத்துவர் நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கும் பண்ணையில், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு அருகே உட்கார்ந்திருக்கும் தாய் அதை வாங்காமல் என்ன செய்வாள்? அதன் முக்கியச் சரக்கு மூசாம்பரம், அதாவது காய்ந்த கற்றாழைச் சாறு. பேதி ஆகும், அவ்வளவுதான். அந்தக் காசில் தாமஸ் ஹாலோவே லண்டன் அருகே எழுப்பிய பெண்கள் கல்லூரியை 1886இல் விக்டோரியா அரசியே திறந்துவைத்தார். கல்லூரி நல்ல கல்லூரிதான். ஆனால் உங்கள் படுக்கையறை மேசைமேல் அழகுக்காக வைத்திருக்கும் மருந்துப் புட்டிக்கு அடியில் இதை ஒரு வரி எழுதிவையுங்கள்.

சோப்பு விளம்பரங்களையும் மறைக்காதீர்கள். 1884இல் பியர்ஸ் சோப்புக்காக வந்த படத்தில், கறுப்புக் குழந்தை குளித்து எழுந்ததும் கழுத்துக்குக் கீழே வெளுத்திருக்கும். இத்தகைய படங்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த வீடுகள் எவருடைய மண்ணில் நின்றன? இங்குள்ள பூர்வகுடிகளான வுருஞ்சேரி மக்களின் மண்ணில். பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய கோரன்டர்க் நிலையத்தில் அவர்கள் பயிரிட்ட ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பூட்டும் பூ) 1880–81 மெல்பர்ன் கண்காட்சியில் பரிசு பெற்றது. உங்கள் சாப்பாட்டு மேசையின் பீர்க் குவளைக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் இருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து மண்ணெண்ணெய் நான்கு காலன் தகர டின்களில் வந்தது. இரண்டு டின்னுக்கு ஒரு மரப்பெட்டி. எண்ணெய் தீர்ந்த பிறகுதான் டின்னுக்கு உண்மையான வாழ்க்கை தொடங்கியது. வாளி, துணி வேகவைக்கும் பாத்திரம், கழுவும் தொட்டி, இழுப்பறை. மரப்பெட்டி அலமாரியாகும், நாற்காலியாகும், பிள்ளை பிறந்தால் தொட்டிலாகும். மாவுச் சாக்கு உள்பாவாடை ஆகும். இவற்றை எவரும் விளம்பரம் செய்யவில்லை. 1890களில் மேற்கே கூல்கார்டி தங்கவயலில் மெக்கார்மிக் என்பவர் செய்த குளிர் அலமாரியும் இந்தக் குடும்பம்தான்: மேலே தண்ணீர்த் தட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கு, காற்றடித்தால் உள்ளே வெண்ணெய் உருகாது. வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளித்த பரம்பரைக்கு இதைப் பார்த்ததும் புன்னகை வரும். உங்கள் வீடுகளில் இதை நான் இதுவரை ஒருமுறைதான் பார்த்தேன், அதுவும் படமாக.

சான்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1870களில் மெர்லின் என்ற புகைப்படக்காரரின் குழுவினர் நியூ சவுத் வேல்ஸ் தங்க ஊர்களில் வீடுவீடாகப் போய், வாசலில் குடும்பத்தை நிறுத்திப் படமெடுத்து விற்றார்கள். சொந்த ஊருக்கு அனுப்பத்தான் வாங்கினார்கள் என்றாலும் மரப்பட்டைச் சுவரையும் ஒட்டுப்போட்ட கூரையையும் கேமரா மறைக்கவில்லை. ஏறக்குறைய 3,500 கண்ணாடித் தகடுகள் 1951இல் சிட்னியில் ஒரு தோட்டக் கொட்டகையில் கிடைத்தன. இன்று அவை நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் உள்ளன.

இன்னும் இரண்டு பேரை உள்ளே விடுங்கள். ஒருவர், ஊசி நூலும் துணியும் சுமந்து பண்ணைவாசல்வரை வந்த பஞ்சாபி வியாபாரி. கடைத்தெரு தொலைவில் இருந்த பெண்களுக்கு அவர் மூட்டைதான் கடை. மற்றவர் உங்கள் தேநீர்க் கோப்பைக்குள் இருக்கிறார். நூற்றாண்டு முடியும் தறுவாயில் இங்கு சீனத் தேயிலையை இந்திய, இலங்கைத் தேயிலைகள் ஓரங்கட்டின. இலங்கை மலைகளில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். அந்தக் கோப்பைக்கு அருகே ‘இங்கிலாந்துப் பீங்கான்’ என்று மட்டும் எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

பியானோவை அகற்றச் சொல்லவில்லை. ஒவ்வோர் அறையிலும் ஒரு பொருளுக்காவது அது வந்த காலத்து விளம்பரத்தை ஒட்டுங்கள். அதற்குப் பதிலாக வீட்டார் எதை வைத்துச் சமாளித்தார்கள் என்பதைப் பக்கத்தில் வையுங்கள். பழைய நாளிதழ்களிலிருந்து விளம்பரங்களைத் தேடியெடுக்க என் சனிக்கிழமைக் காலைகளைத் தருகிறேன். சென்ற வாரம் ஒரு பழஞ்சாமான் சந்தையில் பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்றும் வாங்கிவைத்திருக்கிறேன். வாயை வெட்டி, கம்பியில் கைப்பிடி மாட்டியிருக்கிறார்கள். அடியில் துரு ஏறியிருக்கிறது. எந்த வீட்டுக்கு வேண்டுமோ சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள்.

அன்புடன்,
மெல்பர்னில் வாழும் ஒரு தமிழ் வாசகன்