எல்க் வேட்டை: கைடுக்குக் கொடுக்கும் காசு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வில் எடுத்து எல்க் மான் வேட்டைக்குப் போவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் தடவை போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், கைடு வைத்துக்கொள்ளுங்கள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அடுத்த வாரமே ஒரு வாசகர், கைடு வைத்துச் செய்வது வேட்டையே இல்லை, காசு கொடுத்துக் கொம்பு வாங்குவது என்று சூடாகப் பதில் எழுதியிருந்தார். இரண்டு பேரும் அவசரப்பட்டுவிட்டார்கள். வேட்டை சரியா தப்பா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது, நான் இருக்கும் கொலராடோவில் மாநில அரசே எண்ணிக்கை பார்த்து, லைசென்ஸ் கொடுத்து நடத்துகிற காரியம் அது. கைடுக்குக் கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், முடிவு அவரவருடையது.

முதலில் சட்டம். சில இடங்களில் இது நம் விருப்பமே இல்லை, கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஆச்சரியம். வயோமிங்கில் மத்திய அரசு 'வில்டர்னஸ்' என்று ஒதுக்கிய காடுகளுக்குள் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டையாட வேண்டுமானால் லைசென்ஸ் உள்ள கைடு கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாநிலத்தில் குடியிருக்கும் ஒருவர் அதற்கான இலவச அனுமதி வாங்கிக்கொண்டு கூட வர வேண்டும். அங்கே நண்பரோ உறவினரோ இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. அலாஸ்காவில், அமெரிக்கக் குடியுரிமையும் இல்லாதவர், அமெரிக்காவில் நிரந்தர வசிப்பிடமும் இல்லாதவர் என்றால் எந்தப் பெரிய விலங்குக்கும் கைடு கட்டாயம். விசாவில் இருக்கும் நம் ஆட்கள் இது தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நியூ மெக்ஸிகோ இன்னொரு மாதிரி. அங்கே குலுக்கலில் போகும் டேகுகளில், அதாவது ஒரு மானை வேட்டையாடும் அனுமதிச் சீட்டுகளில், 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் வேட்டைப் பயணத்துக்கு ஏற்பாடு செய்துதரும் அவுட்ஃபிட்டரோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு, மீதி 6 சதவீதம்தான் தனியாக வரும் வெளிமாநிலத்தவருக்கு. ஆக அங்கே காசு கொடுத்து ஆள் வைப்பது காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, விண்ணப்பத்திலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. இது நியாயமா என்று கேட்டால் எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அதுதான்.

சரி, காசுக்கு வருவோம். சாப்பாடு, கூடாரம், குதிரை, கூடவே ஒரு கைடு என்று எல்லாம் சேர்த்த ஐந்தாறு நாள் வில் வேட்டைக்கு 5,000 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை கேட்பார்கள், தனியார் பண்ணை நிலம் என்றால் அதற்கும் மேலே போகும். இதில் லைசென்ஸ் சேராது. கொலராடோவில் வெளிமாநிலத்தவருக்கு ஆண் எல்க் லைசென்ஸ் 800 டாலரை ஒட்டி வருகிறது. கைடுக்கும் சமையல்காரருக்கும் கடைசி நாளில் டிப்ஸ் கொடுக்க வேண்டும், அது மொத்தத் தொகையில் பத்து முதல் இருபது சதவீதம் வரை என்பது வழக்கம். இத்தனை கொடுத்தும் மான் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து விலகி நிற்பதே நல்லது. பொது நிலத்தில் வில்லோடு போகிறவர்களில் பத்துக்கு ஒருவர், கொஞ்சம் கூடப் போனால் ஒன்றரைப் பேர் என்ற அளவில்தான் எல்க் கிடைக்கிறது. நல்ல கைடு இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். அப்போதும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்று புரிந்தால்தான் கைடின் மதிப்பும் புரியும். துப்பாக்கிக்காரர் முந்நூறு கெஜத்திலிருந்து சுடுவார், வில்காரருக்கு நாற்பது கெஜத்துக்குள் மான் வர வேண்டும், இருபது என்றால் இன்னும் நல்லது. கடமானைவிடப் பெரிய உடம்பு, முந்நூறு கிலோவுக்கு மேல் போகும் ஆண், ஆனால் மூக்கு மட்டும் ஒரு தடவை நம்மைப் பிடித்துவிட்டால் அந்த மலைச்சரிவிலேயே அன்றைக்கு எதுவும் இருக்காது. காற்றுதான் எல்லாம். மலையில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவோடு கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே போகத் தொடங்கும், சாயங்காலம் மறுபடி கீழே. இந்த மாற்றம் நடக்கும் அரை மணி நேரத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காற்றுக்கே தெரியாது. எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதெல்லாம் அந்த மலையிலேயே பல செப்டம்பர்களைக் கழித்தவருக்குத் தெரியும், வரைபடத்தில் இருக்காது. கைடின் தலையில் இருக்கும் இந்த அறிவுக்குக் கொடுக்கும் காசு வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்புறம் கூப்பிடுவது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை எல்க்குகளின் இணை சேரும் காலம், ஆண்கள் பியூகிள் அடிக்கும், அதாவது ஊதல்போல நீளமாக ஒரு கத்தல். பெண் குரலிலோ இன்னொரு ஆண் குரலிலோ நாம் கூப்பிட்டால் பதில் கொடுத்துக்கொண்டே வரும். ஆனால் அது முட்டாள் இல்லை. குரல் வந்த இடம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்ததும் நின்று பார்க்கும், அங்கே ஒரு பெண்ணும் இல்லை என்றால் மேலே ஒரு அடி வைக்காது, பெரும்பாலும் அறுபது எழுபது கெஜத்தில் அப்படியே நிற்கும், நாம் வில்லோடு வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் கூப்பிடுகிறவர் வில்காரருக்கு ஐம்பது கெஜம் பின்னால் இருக்க வேண்டும். மான் குரலைத் தேடி வரும்போது வில்காரரைக் கடந்துதான் போக வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதுதான் விஷயம், அந்த இரண்டாவது ஆள் கைடாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கோடை முழுக்க ஒழுங்காகக் கூப்பிடப் பழகிய நண்பர் இந்த வேலையைச் செய்துவிடுவார், கைடு அளவுக்கு வராவிட்டாலும். காரில் பழகுவது உத்தமம், வீட்டில் பழகினால் குடும்பத்தில் சமாதானம் கெடும்.

இனி கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயம். அம்பு சரியாகப் பட்டு மான் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நாம் இருப்பது பத்தாயிரம் அடி உயரத்தில், வண்டி நிற்பது ஐந்து மைல் தள்ளி, நடுவில் விழுந்து கிடக்கும் மரங்கள். எலும்பு நீக்கிய கறி மட்டுமே தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருக்கும், எலும்போடு எடுத்தால் ஒரு பின்னங்காலே முப்பது கிலோ. ஒரு ஆளுக்கு நாலைந்து நடை. செப்டம்பர் மதியத்தில் வெயில் நன்றாகவே அடிக்கும், தடித்த தோலுக்குள் சூடு அடங்கிக்கிடக்கும், தொடை எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும். உடனே தோலுரித்து, கால்களைப் பிரித்து, காற்றோட்டமான துணிப் பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். தின்னக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது இங்கே குற்றம், பெரிய அபராதம் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது. மொன்டானாவிலோ வயோமிங்கின் வடமேற்கிலோ என்றால் இரண்டாவது நடைக்குத் திரும்பி வரும்போது கறிக்குப் பக்கத்தில் கிரிஸ்லி கரடி உட்கார்ந்திருக்கலாம், இது பயமுறுத்தலுக்குச் சொல்வது இல்லை, அங்கே கரடி ஸ்பிரே இல்லாமல் யாரும் போவதில்லை.

முதல் தடவை போகிறவர்களை உடைப்பது இந்த இடம்தான். மானைத் தேடுவதில் தோற்றால் கால்வலியோடு வீடு திரும்பலாம், ஜெயித்தபின் கறியைக் கெடவிட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது. என் முழு வாதமும் இதுதான். கையில் இருக்கும் பணத்தை வழிகாட்டுவதற்குச் செலவழிப்பதைவிடச் சுமப்பதற்குச் செலவழியுங்கள். குதிரையோ கோவேறு கழுதையோ வைத்திருந்து, கூப்பிட்டால் மேலே வந்து கறியை இறக்கித் தரும் ஆட்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், பாக்கர் என்பார்கள். தூரத்தைப் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை ஆகும். சீசனுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும், மான் விழுந்தபின் மலை உச்சியில் சிக்னல் தேடி அலையக் கூடாது. அரசு நிலத்தில் அவர்களுக்கும் அனுமதி வேண்டும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிராப் கேம்ப்: அவுட்ஃபிட்டர் குதிரையில் நம்மை ஏற்றிப்போய் கூடாரம், அடுப்பு எல்லாம் வைத்துவிட்டு இறங்கிவிடுவார், வேட்டை நம் பாடு, கடைசியில் வந்து நம்மையும் கறியையும் இறக்குவார். முழுக் கைடுக்கு ஆவதில் பாதியோ அதற்கும் குறைவோதான் ஆகும்.

கைடு வைப்பதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, கைடு வைத்தவர்கள் இதை வெளியே சொல்வது குறைவு. கைடு நமக்காக அம்பு விட முடியாது, நமக்காக மலை ஏறவும் முடியாது. கடல்மட்டத்து ஊரிலிருந்து விமானத்தில் இறங்கி மறுநாளே பத்தாயிரம் அடியில் ஏறினால் தலைவலியும் வாந்தியும் வந்து இரண்டு நாள் கூடாரத்தில் படுக்கத்தான் வேண்டியிருக்கும், கைடு காபி போட்டுத் தருவார், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், எப்போது அம்பு விடக் கூடாது என்ற முடிவு. கைடுக்கு அவருடைய வெற்றிக் கணக்கு முக்கியம், அடுத்த வருஷ ஆட்களுக்கு அதைத்தான் காட்டுவார். ஐம்பது கெஜத்தில் கொஞ்சம் கோணலாக நிற்கும் மானைப் பார்த்து, விடு விடு என்று காதில் கிசுகிசுக்கும்போது, முப்பது கெஜத்துக்கு மேல் எய்து பழகாத ஒருவர் மறுத்துத் தலையாட்டுவது லேசான காரியம் இல்லை. அம்பு குடலில் பட்டால் பல மணி நேரம் காத்திருந்துதான் தேடப் போக வேண்டும், அப்போதும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், காயம்பட்ட மான் எங்கேயோ கிடந்து சாகும். ஆறாயிரம் டாலர் கொடுத்திருக்கிறோம், இன்று கடைசி நாள் என்ற எண்ணம் விரலைத் தள்ளும். நல்ல கைடு இதைத் தடுப்பார் என்பது உண்மை, மோசமான கைடு இதைத்தான் வளர்ப்பார்.

அதனால் கைடு வைப்பது என்று முடிவு செய்தவர்கள் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கொலராடோ, வயோமிங், மொன்டானா, இடாஹோ எல்லாவற்றிலும் அவுட்ஃபிட்டர்களுக்கு மாநிலப் பதிவோ லைசென்ஸோ உண்டு, அரசு இணையதளத்திலேயே பெயர் போட்டுப் பார்க்கலாம். எந்த நிலத்தில் வேட்டை, அங்கே அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்று கட்டாயம் கேளுங்கள், எனக்குத் தெரிந்த ஒருவர் போன இடத்தில் ஒரு கைடுக்கு நாலு பேராம், காலையில் ஆளுக்கொரு மரத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டாராம். வில்காரர்களின் வெற்றிக் கணக்கைத் தனியாகக் கேளுங்கள், துப்பாக்கியோடு சேர்த்துச் சொல்லும் கணக்கு நமக்கு எதற்கும் உதவாது. போன வருஷம் மான் கிடைக்காமல் திரும்பிய ஒருவரின் தொலைபேசி எண் கேளுங்கள். கிடைத்தவரின் எண்ணை யாரும் கொடுப்பார்கள், கிடைக்காதவரின் எண்ணைத் தருகிறவர்தான் ஆள்.

என்னைக் கேட்டால், மேற்கு மாநிலத்தில் குடியிருப்பவர், கூட வர நண்பர் உண்டு, வருஷா வருஷம் போக எண்ணம் உண்டு என்றால் முழுக் கைடு வேண்டாம், கோடையில் வாரக்கடைசிகளில் வேட்டைக்குப் போகப்போகும் அதே யூனிட்டில் (அரசு பிரித்திருக்கும் வேட்டைப் பகுதி) நடந்து பாருங்கள், பாக்கருக்குச் சொல்லி வையுங்கள். நியூஜெர்ஸியிலோ டெக்சஸிலோ இருந்துகொண்டு, ஒரு வாரம்தான் லீவு, வாழ்க்கையில் ஒரே தடவைதான், தனியாகத்தான் வருவேன் என்றால் கைடு வையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த வாசகர் சொன்ன மாதிரி அது கொம்பு வாங்குவது ஆகாது, நடப்பதும் குறிபார்ப்பதும் நாம்தானே.

கடைசியாகக் கட்டுரையில் ஒரு தகவலைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொலராடோவில் வில் வேட்டை எல்க் டேகை யார் வேண்டுமானாலும் கடையில் நேரே வாங்கிக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறீர்கள். ராக்கி மலைப் பகுதி யூனிட்டுகளுக்கு 2025 முதல் வெளிமாநிலத்தவருக்கு அது கிடையாது, குலுக்கலில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான கெடு ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். வயோமிங்குக்குப் பிப்ரவரி தொடக்கத்திலேயே முடிந்துவிடும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் கொலராடோவில் விண்ணப்பிக்க வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும், இடாஹோவிலும் மொன்டானாவிலும் வில்லுக்கென்றே தனிப் பயிற்சியோ, முன்பு வில் லைசென்ஸ் வைத்திருந்ததற்கான ஆதாரமோ கேட்பார்கள். உங்கள் கட்டுரையை நம்பி ஆகஸ்டில் விமான டிக்கெட் போட்டுக்கொண்டு யாராவது டென்வரில் வந்து இறங்குவதற்குள் இதைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கொலராடோவிலிருந்து ஒரு வாசகர்