இரட்டைச் சூரியக் கோளும் கற்பனைப் படமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு விண்மீன்களைச் சுற்றிவரும் கெப்ளர்-16பி கோளைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய செய்திக்கு அரைப் பக்கம் ஒதுக்கியது பாராட்டுக்குரியது. ஆனால், அதில் பாதியை விழுங்கியிருந்த வண்ணப் படம் உறுத்துகிறது. மணல்வெளியின் மேல் ஒரே அளவிலான இரண்டு மஞ்சள் சூரியன்கள் மறைவதாக அதில் வரையப்பட்டிருக்கிறது. சனியை ஒத்த நிறை கொண்ட வாயுக் கோள் என்று கட்டுரையே சொல்லும்போது, அங்கே மணல் ஏது? சூரியன்களும் சமமானவை அல்ல. பெரியது நம் சூரியனைவிடச் சிறிய, செம்மஞ்சள் நிற விண்மீன். மற்றதோ சூரியனின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள சிவப்புக் குறுமீன். இரண்டும் சேர்ந்து தரும் ஒளியில் அதன் பங்கு நூறில் இரண்டுகூட இல்லை.

படத்தையாவது மன்னித்துவிடலாம். இந்தக் கோள் எப்படிக் கண்டறியப்பட்டது என்பதை 'கெப்ளர் தொலைநோக்கி கண்டுபிடித்தது' என்ற ஒற்றை வரியில் முடித்ததுதான் பெரிய குறை. அத்தொலைநோக்கி கோளைப் படமெடுக்கவில்லை. ஒளி மங்குவதை மட்டுமே அளந்தது. விண்மீன்கள் இரண்டும் 41 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருவதால், மாறி மாறி மறைத்துக்கொள்ளும்போது ஒளி குறைவது எதிர்பார்த்ததே. அந்தக் கணக்கில் அடங்காமல், ஏறத்தாழ 1.7 விழுக்காடு அளவுக்கு வேறொரு மங்கலும் தென்பட்டது; பெரிய விண்மீனின் குறுக்கே கோள் வந்து அதன் ஒளியைச் சிறிது மறைத்ததன் விளைவு அது. அந்த மங்கல் மீண்டும் வந்த இடைவெளி ஒருமுறை சுமார் 230 நாட்கள், அடுத்த முறை சுமார் 221 நாட்கள். ஒரே விண்மீனைச் சுற்றும் கோள் இவ்வளவு தடுமாறுவதில்லை. பின்னாலிருக்கும் விண்மீனே இடம் மாறிக்கொண்டிருப்பதால்தான் கோள் அதன் குறுக்கே வரும் நாள் முன்பின்னாகிறது. இரண்டையும் சேர்த்தே அது சுற்றுகிறது என்று 2011-இல் ஆய்வாளர்கள் துணிந்து அறிவிக்க முடிந்ததற்கு இதுவே முக்கியச் சான்று.

சுற்றுப்பாதையின் தளம் மெல்லத் திரும்புவதால், பெரிய விண்மீனின் குறுக்கே கோள் கடப்பது 2018 முதல் நம் பார்வைக் கோட்டிலிருந்து விலகிவிட்டது. 2042 வாக்கில்தான் திரும்பும் என்று கணித்திருக்கிறார்கள். இதற்கும் கட்டுரையில் இடமில்லாமல் போனது வியப்பே.

இனி இத்தகைய கட்டுரைகளில் ஓவியம் இடம்பெற்றால், அதன் அடியில் 'கற்பனைப் படம்' என்று குறிப்பிடுமாறும், அருகில் சிறிய கட்டத்திலாவது ஒளி ஏறி இறங்கும் வரைபடத்தை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர் ஒருவர்