ஹாரனை அடைத்து வைத்த அண்ணாச்சிக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டி, "இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டார். அறையை விட்டு வெளியே வந்ததும் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் பயந்துபோய் என்ன, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை. எடை குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்ட இந்த ஏழு வாரமாக அழக்கூட நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் ராத்திரி என்ன நடந்தது என்று மும்பை திலக் நகரில் எங்கள் சொசைட்டியில் எல்லோருக்கும் தெரியும். மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று நாளும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாள் கடத்தினால் மனசு ஆறிவிடும், வார்த்தையும் அளந்து அளந்து வரும். அதனால் இன்றைக்கே.

ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டியிருந்த லுங்கியோடு கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்த மூன்றாம் மாடிக்காரருக்கு, பாப்பாவைத் தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டு, தலை பின்னிப் பரீட்சைக்கு அனுப்பிய எதிர்வீட்டு மராத்திக்காரச் சித்தி, நம் காக்கூவுக்கு, பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணீரை வடிகட்டித் தெர்மாஸில் கொடுத்தனுப்பியவர்களுக்கு, எனக்காக வேண்டிக்கொண்டு திருச்செம்பூர் முருகன் கோயிலின் 108 படியும் ஏறி அர்ச்சனை செய்துவந்த கார்த்திகைக் குழுவுக்கு, ஆபரேஷன் நடந்த அன்று சாயங்காலமே என்னை எழுப்பி, "சல் பேட்டா, சல்" (நட மகளே, நட) என்று தோளில் தாங்கி வார்டு முழுக்க நடத்திய ஆயா மௌசிக்கு. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே வருகிறேன். கடிதத்தில் ஒரு வரியோடு முடிக்கிற கடன் இல்லை இது.

அலுவலகத் தோழிக்கு மட்டும் இங்கேயே கொஞ்சம் கூடச் சொல்லியாக வேண்டும். பத்து வருடம் பட்டினி கிடந்து பார்த்தவள் நான். 12 கிலோ குறையும், 15 கிலோ ஏறும். வாயைக் கட்டத் தெரியாதவள் என்று கல்யாணப் பந்தியிலேயே என் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு 109 கிலோ. சர்க்கரைக்கு மூன்று மாத்திரை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் ராத்திரி முழுக்க முகத்தில் மாட்டிக்கொள்ளும் மெஷின். அப்படியும் ஆபரேஷன் என்ற பேச்சை வீட்டில் எடுக்க வெட்கமாக இருந்தது. அது சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று நானே நம்பியிருந்தேன்.

தோழி செய்துகொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு மதிய இடைவேளையில் தன் மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார். கால்சியம், இரும்பு, பி12, டி. "நான் பண்ணிக்கிட்டு மூணு வருஷம் ஆச்சு. இது ஆயுசுக்கும் உண்டு. இதை விடாம முழுங்க மனசு இருந்தா யோசி" என்றார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள், பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கிற அந்த மேல்பகுதியில்தான் என்று டாக்டருக்கு முன்னால் சொன்னவர் அவர்தான். எடை குறையக் குறைய உடம்பே பசியைக் கூட்டி, போனதைத் திரும்பப் பிடிக்கப் பார்க்குமாம். பத்து வருடமாக நான் யாரோடு மல்லுக்கட்டினேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

காப்பீட்டுத் தாள்களையும் அவரே வரி வரியாகப் படித்துச் சொன்னார். பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 40 இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 இருந்து, அதோடு கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் என்று ஏதாவது சேர்ந்திருக்க வேண்டும். மற்ற வழியில் முயன்றும் குறையவில்லை என்பதும் தெரிய வேண்டும். எனக்கு 42-க்கு மேல், கிடைத்துவிட்டது. ஆனால் 2022-இல் வந்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே இந்த ஆபரேஷனை யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டது. பி.எம்.ஐ. 33 இருந்து சர்க்கரையோடு போராடும் ஒருத்தி கைக்காசு போட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி. நான் எழுத உட்கார்ந்தது ஒருவருக்காக. நம் பில்டிங்குக்கு இட்லி கொண்டுவரும் அண்ணாச்சிக்காக.

தாராவியிலிருந்து சயான் வழியாக சைக்கிள் மிதித்து, காலை ஏழரைக்கு நம் கேட்டுக்கு வந்துவிடுவார். பின்னால் கேரியரில் அலுமினியப் பாத்திரம், ஹேண்டிலின் ஒரு பக்கம் சட்னித் தூக்கு, இன்னொரு பக்கம் ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன். பாம், பாம் என்று இரண்டு தடவை. பதினோரு வருடமாக என் வீட்டில் பொழுது விடிவது அந்தச் சத்தத்தில்தான். நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள், இட்லிக்குப் பஞ்சமில்லாத தெரு. ஆனாலும் அண்ணாச்சியின் இட்லியைத் தேடி வாங்கியதற்கு எனக்குள் வேறொரு காரணம் இருந்தது. எத்தனை என்று கேட்பார். நான் சொன்னதைக் கட்டிக் கொடுப்பார். எண்ணிக்கையைக் கேட்டு அவர் முகம் ஒரு நாளும் மாறியதில்லை. என் தட்டை எண்ணாத ஆள் எனக்குத் தெரிந்து ஊரில் அவர் ஒருவர்தான்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். ஒரு தடவைக்கு 30 மில்லி, அதாவது மருந்து அளக்கிற சின்ன மூடி அளவு. தெளிந்த சூப்போ தண்ணீரோ, அதையும் துளித்துளியாக, கால் மணி நேரத்துக்கு ஒரு மூடி. மடக்கென்று விழுங்கினால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைத்துக்கொள்ளும். ஆபரேஷனின்போது வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு, தோள்பட்டையில் வலியாகக் குத்தும். இதெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லாதது ஒன்று. பசி போய்விட்டது, ஆசை போகவில்லை. பக்கத்து வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தத்துக்குக் கண்ணீர் வந்தது. சாப்பாடு வேண்டும் என்றுகூட இல்லை. எல்லோரும் சாப்பிடுகிற உலகத்திலிருந்து என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. காலையில் ஹாரன் கேட்டால் தாங்குவேனா என்று நிஜமாகவே பயந்தேன்.

ஹாரன் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. ஊரில் அம்மன் கோயில் கொடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்த ஒன்பதாம் நாள் வந்து எல்லாவற்றையும் மறக்கடித்தது.

இருபதாம் நாள், தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் மாடியிலிருந்து இறங்கி கேட் வரைக்கும் வந்தேன். அங்கே அண்ணாச்சியின் சைக்கிள் நின்றது. அவரைக் காணோம். கிட்டே போய்ப் பார்த்தேன். பித்தளைக் குழலின் வாயில் பழைய சிவப்புத் துண்டின் கிழிசல் ஒன்று இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது. விளிம்பில் சட்னிக் கறை காய்ந்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாளாகத் திணித்த துணி இல்லை அது.

பாத்திரத்தைச் சுமந்துகொண்டு பி விங்கிலிருந்து அவர் இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றுவிட்டார்.

"ஹாரனுக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. கை பழக்கத்துல அமுக்கிரும். அதான் துணியத் திணிச்சு வச்சேன்."

எனக்குப் புரியவில்லை. வாட்ச்மேன்தான் இடையில் புகுந்து சொன்னார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அண்ணாச்சி விசாரித்திருக்கிறார். அந்தம்மா தண்ணீர்கூட மூடியில் அளந்துதான் குடிக்கிறார்களாம் என்று வாட்ச்மேன் சொன்னதும், மறுநாளிலிருந்து ஹாரன் இல்லை. ஹாரன் அடித்தால் நம்மவர்கள் பாத்திரத்தோடு தாங்களே இறங்கி வருவார்கள். அடிக்காவிட்டால் அவர்தான் ஏற வேண்டும். லிஃப்ட் இல்லாத கட்டடம், இரண்டு விங், நான்கு நான்கு மாடி. வாடிக்கை வீடு ஒவ்வொன்றாகப் போய்க் கதவை விரலால் தட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். என் வாசலைத் தாண்டும்போது பாத்திர மூடி சத்தம் போடாமலிருக்க உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போவார் என்று காக்கூ பிற்பாடு சொன்னார். பில்டிங்கில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தர்கூட என்னிடம் மூச்சு விடவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

எதற்கு அண்ணாச்சி இவ்வளவு கஷ்டம் என்று கேட்டேன். சைக்கிளைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டுதான் பதில் சொன்னார். "எங்கம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருந்தப்ப பச்சத்தண்ணி கூட குடுக்கப்படாதுன்னுட்டாவ. ஜன்னலுக்குக் கீழ ஒருத்தன் டீ, டீன்னு கத்துவான். அம்மா ஒவ்வொரு தடவையும் முகத்தச் சொவரு பக்கம் திருப்பிக்கிடுவா. நீ திங்க ஏலாம கெடக்கயில நான் வாசல்ல நின்னு ஊதுனா நல்லாவா இருக்கும்?"

அவ்வளவுதான் சொன்னார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். பாப்பா, "அம்மா, நடக்கணும்" என்று கையை இழுத்தாள்.

எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய உதவி செய்தீர்கள். உயிரைக் காப்பாற்றியவர்களே இருக்கிறீர்கள். ஆனாலும் ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் வருவது அந்தச் சிவப்புத் துணிதான். என் உடம்பைப் பற்றிப் பேசாத மனிதர்களே இல்லை. கிண்டல் செய்தவர்கள் பேசினார்கள், அக்கறை உள்ளவர்களும் பேசினார்கள், நான் தேற வேண்டும் என்று தவம் கிடந்தவர்களும் தினம் ஒரு கேள்வி கேட்டார்கள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை.

இப்போது 95 கிலோ. சர்க்கரை மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டும், அப்புறம் திரும்ப வளரும் என்கிறார்கள். கொட்டட்டும். தோழி மாதிரியே ஒரு மாத்திரை டப்பா வாங்கி வைத்திருக்கிறேன், அந்த மருந்து மூடியையும் அதிலேயே போட்டு வைத்திருக்கிறேன். செம்பூர் பக்கத்தில் யாராவது இந்த முடிவை எடுக்க முடியாமல் தவித்தால் கூப்பிடுங்கள். முதல் தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூட வந்து உட்காருகிறேன். செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன். அடுத்த கிருத்திகைக்கு அந்த 108 படியையும் நானே ஏறி முருகனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது.

போன வாரம்தான் இட்லி சாப்பிடலாம் என்று அனுமதி வந்தது. நன்றாக மென்று, கூழானதும் விழுங்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் கூடாது. கீழே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஒண்ணு குடுங்க. அந்தத் துணிய எடுத்துருங்க." இட்லியைக் கட்டிக் கொடுத்தார். காசை எப்போதும் போல எண்ணி வாங்கி, மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார். துணியை மட்டும் எடுக்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் போகட்டும், ஒத்துக்கிடுதான்னு பாரு" என்றார். அன்றைக்கு அரை இட்லியைச் சாப்பிட எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஒத்துக்கொண்டது.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாம், பாம். பாப்பா ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள். வாயைக்கூடத் துடைக்காமல் எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி அண்ணாந்து பார்த்து, எப்போதும் கேட்பது போலவே கேட்டார்.

"எத்தனை?"

"ஒண்ணு, அண்ணாச்சி."

கட்டிக் கொடுத்தார்.