விரிசல் விட்ட கருவிப் பலகைக்கு வெல்டிங் தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சிறு விமானங்களைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் விமானியின் முன்னால் இருக்கும் அலுமினியக் கருவிப் பலகையைப் பற்றி, ‘விரிசல் விட்டிருந்தால் வெல்டிங் வைக்கலாம், இல்லையேல் புதுத் தகட்டில் வெட்டிப் பொருத்தலாம்’ என்று இரண்டே வரியில் முடித்திருக்கிறார்கள். முதல் யோசனை தவறு. இரண்டாவது பல நேரங்களில் அவசியமே இல்லாதது.

விமானத் தகடுகளில் பெருமளவு பயன்படும் 2024-டி3 என்பது செம்பு கலந்த அலுமினியம். வழக்கமான வெல்டிங்கில் பற்று ஆறும்போதே அதன் ஓரம் வெடிக்கும். 6061-டி6 என்ற மற்றொரு அலுமினியக் கலவை வெல்டிங் ஏற்கும். ஆனால் சூடுபட்ட பகுதி, வெப்பப் பதத்தால் பெற்ற வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். பலகை எந்தக் கலவை என்று தெரியாவிட்டால் 2024 என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது பாதுகாப்பு.

விரிசல் ஏன் வந்தது என்று பார்க்காமல் தகட்டில் கை வைக்கக் கூடாது. பெரும்பாலும் ரேடியோவுக்காகப் பின்னாளில் வெட்டிய சதுரத் துளையின் கூரான மூலையில்தான் அது தொடங்கும். அடுத்த காரணம், பலகையைத் தாங்கும் ரப்பர் அதிர்வுதாங்கிகள். ரப்பர் இறுகிக் கல்லாகிவிட்டால் என்ஜின் அதிர்வு முழுதும் தகட்டுக்கு வரும். மூன்றாவது, இருக்கையில் ஏறி இறங்குபவர்கள் பலகையின் விளிம்பைப் பிடித்துத் தொங்குவது. இது எந்தப் பராமரிப்புக் கையேட்டிலும் இருக்காது. ஆனால் கீழ் விளிம்பு வளைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பலகைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் முகப்பையும் கழற்றிப் பார்க்க வேண்டும். விரிசலும் வெண்பூஞ்சை போன்ற அரிப்பும் ஒளிந்திருப்பது அதற்குப் பின்னால்தான்.

ஒரு துளையிலிருந்து கிளம்பி வெறும் தகட்டில் நின்றுவிட்ட ஒற்றை விரிசலைப் பழுதுபார்க்கலாம். ஊடுருவு சாயம் (விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டிக்கொடுக்கும் திரவம்) பூசி விரிசலின் உண்மையான நுனியைக் கண்டுபிடித்து, அங்கே 3/32 அங்குலத் துளை போட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நுனியிலேயே துளையிட்டால் விரிசல் அதைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அதே கலவையில், பலகையின் கனத்துக்குக் குறையாத ஒட்டுத் தகட்டைப் பின்புறம் வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். 1/8 அங்குல ரிவெட் என்றால் தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது 1/4 அங்குலம் தள்ளி, ஒன்றுக்கொன்று சுமார் 1/2 அங்குல இடைவெளி.

முகப்பு சமமாக இருக்கட்டும் என்று தட்டைத் தலை ரிவெட் போடுவோர் கனத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ரிவெட்டின் தலை ஏறத்தாழ 1.1 மி.மீ. ஆழம் கேட்கும். 1.6 மி.மீ. தகட்டில் அதைக் குடையலாம், 1 மி.மீ. தகட்டில் குடைந்தால் துளையின் விளிம்பு கத்தியாகி அங்கிருந்தே புது விரிசல் பிறக்கும். பயனற்ற பழைய துளைகளைப் பட்டி வைத்து மறைப்பது ஏமாற்று வேலை, அதிர்வில் சில மாதங்களில் வட்டமாகக் கழன்றுவிடும். நான்கு திருகில் ஒரு மூடித் தகடு போடுவது பார்க்கச் சுமார்தான், ஆனால் நேர்மையானது.

விரிசல் ஒரு கருவித் துளையிலிருந்து அடுத்த துளைவரை ஓடியிருந்தாலோ, துளைகளுக்கிடையே உலோகம் மிஞ்சாத அளவுக்குச் சல்லடையாகியிருந்தாலோதான் புதுப் பலகை. அப்போதும் பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது உடலோடு சேரும் ரிவெட் துளைகளை அப்படியே புதுத் தகட்டுக்கு மாற்ற அதைவிட நல்ல அச்சு கிடையாது. கருவித் துளைகளை மட்டும் அதிலிருந்து பிரதி எடுக்க வேண்டாம், பல கைகள் அரம் போட்டு அவை கோணியிருக்கும். பெரிய கருவிக்குத் துளை 3 1/8 அங்குலம், அதன் நான்கு திருகுகள் 3 1/2 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் அமையும். சிறிய கருவிக்கு 2 1/4 அங்குலம், திருகு வட்டம் 2 5/8. இரண்டு பெரிய கருவிகளை மையத்துக்கு மையம் 3 1/2 அங்குலத்தில் வைத்தால் நடுவே மிஞ்சுவது 3/8 அங்குல உலோகம்தான். இன்னும் நெருக்கிவிட ஆசைப்படுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

வெட்டும் முன் ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி செய்து, கருவிகளை மாட்டி, கட்டுப்பாட்டுத் தண்டை முழுத் தூரமும் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் அழகாக அமைந்த கருவியின் பின்பக்கம் தண்டின் சங்கிலியிலோ, சில விமானங்களில் மூக்குப் பகுதியில் இருக்கும் எரிபொருள் தொட்டியிலோ இடிக்கும். தகட்டில் பென்சிலால் கோடு போடாதீர்கள். கிராஃபைட் தங்கிய இடத்தில் அலுமினியம் அரிக்கும். மெல்லிய முனை மார்க்கர் போதும். துளையை வட்டம் சுழலும் ஃப்ளை கட்டரால் வெட்டுவதானால் நிலைத் துளைப்பொறியில், அதன் மிகக் குறைந்த வேகத்தில், தகட்டை மரக்கட்டையோடு இறுகப் பிடித்து, பாதி ஆழம் ஒரு பக்கமும் மீதி மறுபக்கமும் வெட்ட வேண்டும். கைத் துளைப்பானில் அதை மாட்டுவது விரலுக்கு ஆபத்து. நீர்த்தாரை வெட்டு கிடைத்தால் அதுவே மேல். விளிம்பு மடிப்பு இருந்தால் 2024-டி3 தகட்டுக்கு உள் ஆரம் தகட்டின் கனத்தைப்போல் 3 முதல் 5 மடங்கு வேண்டும். மடிப்புக் கோடு தகட்டின் உருட்டுத் திசைக்கு (ஆலையில் தகட்டை உருட்டி நீட்டிய திசைக்கு) குறுக்காக விழ வேண்டும். சதுரத் துளைகளின் மூலைகளை உருட்டி, எல்லா விளிம்பையும் நைஸ் உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும்.

பலகையைக் கழற்றும்போது நேரும் சேதமே அதிகம். முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் குழாய்க்கும் சீட்டு. பழைய எண்ணெய் வெப்பமானி பலவற்றில் கருவி, மெல்லிய செம்புக் குழாய், என்ஜினில் செருகிய குமிழ் மூன்றும் ஒரே உறுப்பு. அந்தக் குழாயை வெட்டினால் உள்ளிருக்கும் ஆவி போய்விடும், கருவி அவ்வளவுதான். குமிழை என்ஜினிலிருந்து கழற்றித் தீச்சுவர் (என்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு) வழியாக முழுதாக உருவ வேண்டும். முட்கள் ஒளிரும்படி சாயம் பூசிய பழைய கருவிகளில் ரேடியம் இருக்கக்கூடும். ஒளிர்வு செத்திருந்தாலும் கதிரியக்கம் சாகவில்லை, ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்காமல் உரிமம் பெற்ற பட்டறையிடம் கொடுங்கள். பலகையின் பச்சை அல்லது மஞ்சள் பிரைமர் குரோமேட்டாக இருக்கலாம், புற்றுநோய் தரும் தூள் அது. உலர்வாகத் தேய்க்காமல், முகமூடியோடு ஈர உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

பவுடர் கோட்டிங் அழகுதான். அது சுமார் 190 டிகிரி செல்சியஸில் வேகும். அந்தச் சூட்டில் 2024-டி3 தன் பதம் மாறி அரிப்புக்கு இளகிக்கொடுக்கும். எபாக்சி பிரைமரும் பளபளப்பில்லாத சாயமும் போதும். ஆனால் எர்த் இணைப்பு தொடும் இடங்களைச் சாயம் படாமல் விட வேண்டும். பழைய மின்கருவிகள் பல பலகை வழியாகவே எர்த் பெறுகின்றன. புதுச் சாயம் அடித்த மறுநாள் எரிபொருள் காட்டி தாறுமாறாகக் காட்டினால் மிதவையைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள். ரப்பர் தாங்கிகள் பலகையை விமான உடலிலிருந்து மின்சாரத்துக்குத் துண்டித்துவிடுவதால் பின்னல் எர்த் பட்டையும் கட்டாயம். குழாய்களையும் ஒயர்களையும் சற்றுத் தளர்வாக விடாவிட்டால் புது ரப்பர் போட்டும் பலனில்லை.

காம்பஸ் அருகே பித்தளைத் திருகு மட்டும். ஒரு இரும்புத் திருகு முள்ளை இழுத்துவிடும். வேலை முடிந்ததும் காம்பஸைச் சுற்றுத் திசைகளில் சரிபார்த்து, ரேடியோ ஓடும்போதும் பார்த்து, புதிய திருத்த அட்டை எழுத வேண்டும். அமெரிக்கச் சிறு விமான விதிகள் 2017 வரை அனுமதித்த பிறழ்ச்சி 10 டிகிரி.

உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் நிலை அழுத்தக் குழாயைத் திறந்தால் கசிவுச் சோதனை தவிர்க்க முடியாதது. உயரமானி 1,000 அடி கூடுதலாகக் காட்டும்வரை மெதுவாகக் காற்றை உறிஞ்சி மூடினால், அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றாத விமானத்தில் ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. இதில் பலர் கவனிக்காதது ஒன்று: அந்த உறிஞ்சல் வேகமானிக்குக் கிட்டத்தட்ட 150 நாட் வேகமாகத் தெரியும். 100 நாட் வரை மட்டுமே காட்டும் பழைய வேகமானி அதில் பழுதாகும். பிட்டோ குழாயையும் (எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொண்டுவருவது) நிலை அழுத்தக் குழாயையும் டி-இணைப்பில் சேர்த்து உறிஞ்சினால் முள் அசையாது.

கடைசியாக ஆவணம். சில விமானங்களில் பலகை வெறும் முகப்பு. சிலவற்றில் உடலின் இரு பக்கத்தையும் இணைத்துச் சுமை தாங்கும் உறுப்பு. எது என்பதை உற்பத்தியாளரின் கட்டமைப்பு வரைபடம் சொல்லும். சுமை தாங்குவதானால் தகட்டின் கனத்தையோ துளைகளின் இடத்தையோ மாற்றும் முன்பே ஒப்புதல் பெற வேண்டும். கருவிகள் கூடினாலும் குறைந்தாலும் எடைச் சமநிலைக் கணக்கை மாற்றி எழுத வேண்டும். வேகமானியின் வண்ண வளைவுகளும் பழைய பலகையில் இருந்த எச்சரிக்கை வாசகங்களும் ஒன்று விடாமல் புதியதற்கு வர வேண்டும். அவை இல்லாத விமானம் பறக்கத் தகுதியற்றது.

இப்படிக்கு,
விமானத் தகட்டு வேலை அறிந்த ஒரு வாசகர்