தெற்கே திரும்பு மாப்ளே

வாலிநோக்கம்,
மாசி மாதம்.

அன்பு மாப்ளே,

கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்தியது, உன் முழங்கால் வலி, எல்லாம் தெரிந்துகொண்டேன். வானில் மங்கலாகத் தெரிகிற பொருள்களின் மெஸ்ஸியே பட்டியலில் 110-ஐயும் பார்த்து முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். கோவை வெளிச்சத்துக்குத் தப்பி எங்கேயோ போய், அந்தப் பட்டியலிலேயே மிக மங்கலான எம்74-ஐப் பிடித்தவனைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது யார் வானத்துப் பட்டியல்? மெஸ்ஸியே பாரிஸில் இருந்து வால்மீன் தேடியவர். வால்மீன் என்று ஏமாந்துவிடக் கூடாதே என்று மங்கலாகத் தெரிந்ததையெல்லாம் குறித்துவைத்தார். 1781-இல் அச்சேறியது 103. மீதியைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். பாரிஸ் ஏறக்குறைய 49 பாகை வடக்கே இருக்கிறது. நம் கடற்கரை 9 பாகை. அவர் தொடுவானத்தில் திணறிப் பார்த்த எம்83 என்ற அண்டம், எனக்கு 51 பாகை உயரத்தில் நிற்கிறது. அதற்கும் தெற்கே, அவர் கண்ணில் படவே படாத அண்டங்கள், கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டங்கள், எத்தனை! நாமோ அவர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வடக்கே கழுத்தை ஒடித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருடம் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட நீ வரவில்லை. ஊர் முழுக்க டியூப்லைட், மைக்செட். சாமி கும்பிட்ட கையோடு 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு உப்பளம் தாண்டிக் கரைக்குப் போய்விட்டேன். அங்கே தெற்கே பார்த்தால் கடல்தான், வேறு ஊரே கிடையாது. அடிவானத்தில் கொஞ்சம் உப்பு மூட்டம், நாலைந்து படகு விளக்கு, அவ்வளவுதான்.

பின்னிரவில் ஓமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அங்கிருந்து நேர் வடக்கே நாலரை பாகை தள்ளினால் சென்டாரஸ் ஏ என்ற அண்டம். முதலில் வெறும் உருண்டை மங்கல். நேரே உற்றுப் பார்த்தால் இன்னும் மங்கும், அது உனக்கே தெரியும். பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கி, குழாயை விரலால் லேசாகத் தட்டினேன். அசைகிற பொருளைக் கண் சீக்கிரம் பிடித்துவிடும். பத்து நிமிடம் போயிருக்கும். உருண்டையின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை வந்தது, போனது, மறுபடி வந்தது. அப்புறம் போகவே இல்லை. அவ்வளவும் தூசி மாப்ளே, ஒரு கோடியே இருபது லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால்.

வலை பார்க்க வந்த ஒரு அண்ணன் "என்னதான் பாக்குறீக?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லாமல் பார்க்க விட்டேன். குனிந்த சூட்டோடு, "நடுவுல கோடு போட்ருக்கே" என்றார். இருட்டிலேயே பழகிய கண்!

இதை 1826-இல் முதலில் கண்டவர் ஜேம்ஸ் டன்லப், ஆஸ்திரேலியாவில் பரமட்டாவில் இருந்து. ஸ்காட்லாந்து நெசவாளி மகன். நெசவுக்குப் பேர்போன பரமக்குடிக்காரனான உனக்கு இதைச் சொல்லாமல் விட முடியுமா? அவர் கையில் இருந்தது 9 அங்குல உலோக ஆடி. இன்றைய கண்ணாடி ஆடி அளவுக்கு வெளிச்சத்தைத் திருப்பித் தராது. நம் 8 அங்குலம் அதற்குச் சளைத்ததில்லை. 1986-இல் அதே அண்டத்தில் ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரத்தை, கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார் ராபர்ட் எவன்ஸ் என்ற பாதிரியார். அவரும் ஆஸ்திரேலியர்தான். ஒவ்வொரு அண்டத்தைச் சுற்றியும் எந்த நட்சத்திரம் எங்கே நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். உனக்குப் பாட்டு மனப்பாடம் ஆகிற வேகத்துக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை.

தை மாதம் இன்னும் இரண்டு பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் தென்மேற்கில் என்ஜிசி 253 என்ற அண்டம், கரோலின் ஹெர்ஷல் 1783-இல் கண்டது. நீளமாக, திட்டுத்திட்டாக இருந்தது. இங்கிலாந்தில் தரையோடு தரையாகத் தெரிவதை அந்த அம்மாள் எப்படித்தான் பிடித்தாரோ. இன்னொன்று, அகத்தியர் நட்சத்திரத்துக்குக் கீழே பெரிய மெகல்லன் மேகம், நம் பால்வீதிக்குப் பக்கத்து அண்டம். 11 பாகைக்கு மேல் ஏறாது. பைனாகுலரில் ஒரு வெளுத்த திட்டு, மூட்டம் அதிகமானால் அதுவும் இல்லை.

கஷ்டமும் உண்டு. பனி இறங்கினால் கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் மூச்சுப் பட்டதுபோல் மூடிக்கொள்கிறது. பனிக்குத் தடுப்பாகக் குழாய் வாயில் கறுப்பு யோகா பாயைச் சுருட்டிக் கட்டியிருக்கிறேன். உப்புக் காற்றுக்கு ஆடியைப் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கழுவுகிறேன், கையால் தேய்ப்பதில்லை. மேற்கே ஒரு இறால் பண்ணையில் ஃபோகஸ் லைட்டை வானத்தைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். நடையாய் நடந்து ஒன்றை மட்டும் கீழே திருப்ப வைத்தேன்.

பங்குனி அமாவாசைக்கு வந்துவிடு. நடுச்சாமம் தாண்டியதும் சென்டாரஸ் ஏ நல்ல உயரத்துக்கு வந்துவிடும். சித்திரை என்றால் பத்து, பதினொன்றுக்கே கிடைக்கும், ஆனால் அதற்குள் சோழகக் காற்று கிளம்பினால் குழாய் நிற்காது. உன் 25 எம்எம் ஐபீஸையும் சிவப்பு டார்ச்சையும் மறக்காதே. போனைக் கரைப் பக்கம் எடுக்கவே கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். கீழக்கரைத் தொதல் வாங்கி வைக்கிறேன். சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் மாப்ளே