காலியான கடலைப் படமெடுக்க வராதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மன்னார் வளைகுடாவைப் படமெடுக்க வரப்போவதாக எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். நீ முன்பு எடுத்த கடற்கரைப் படங்களையும் பார்த்தேன். நீலக் கடல், வெள்ளை மணல், ஆள் அரவமே இல்லாத கரை. அழகுதான். ஆனால் இங்கே வந்தும் அதையே எடுத்துவிடாதே என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு எண்ணெய், எரிவாயு தேட ஏலத்துக்கு வைத்த பகுதிகளில் ஒன்று இந்தப் பக்கத்து ஆழ்கடலில் இருக்கிறது, கிட்டத்தட்ட 9,990 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் அது நீலத்துக்குள் ஒரு கட்டம், அவ்வளவுதான். அங்கே எவர் பிழைப்பும் இருப்பதாகத் தெரியாது. ட்ரோனில் உயரப் பறந்து எடுக்கிற படமும் அதையேதான் சொல்லும். மீனவர்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசிக்கொள்வார்கள் என்று நினைக்காதே. 2020 ஜனவரியில் விதியைத் திருத்தி, ஆய்வுக் கிணறு தோண்ட அந்தக் கூட்டமே தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதில்தான்.

அதனால் முதலில் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துக்குப் போ. பாசி எடுக்கும் பெண்களைப் பார். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, பாறை கிழித்துவிடும் என்பதால் விரல் விரலாகத் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். அந்த விரல்களைக் கிட்டப் போய் எடு, ஆனால் கேட்டுவிட்டு எடு.

அப்புறம் ஆவுளியா, அதாவது கடற்பசு. அதை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அது கடற்புல்லை மேய்ந்துகொண்டே போன இடத்தில் தரையில் நீளமாக ஒரு தடம் விழுந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருந்தால் அதை எடுக்கலாம். கடற்புல்லும் சரி, பவளமும் சரி, வெளிச்சம் கீழே இறங்கினால்தான் உயிரோடு இருக்கும். கலங்கல் வந்து படிந்தால் மூச்சு முட்டிப்போகும். இந்த வளைகுடாத் தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மொத்தம் 21 தீவுகள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள். பவளப்பாறையை வெட்டி அள்ளியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

'ஆழ்கடலில் தோண்டினால் கரைக்கு என்ன?' என்று உன்னிடமும் கேட்பார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதை ஞாபகப்படுத்து. அது கிணறு இல்லைதான், ஆனாலும் கொட்டிய எண்ணெய் கரைக்குத்தான் வந்தது. வாளி வாளியாக மனிதர்கள் கையால் அள்ளியதை நாடே பார்த்தது, யாரோ படமெடுத்ததால். அங்கே எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்த படங்கள் அவை. இங்கே முன்னாலேயே வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஊர், தேதி, அவர்கள் செய்யும் தொழில் மூன்றையும் எழுது. முதல் பிரதியை அந்த ஊருக்கே கொடு, கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போகும்போது அவர்கள் கையில் இருக்கட்டும். தீவில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு இப்போதே எழுதிப் போட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்